சிறு ஜெனரேட்டரில் ஊர்திக் குளிர்சாதனம்: அங்கத்தினர் அறிய வேண்டியவை

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து நம் கொல்லிமலைக்கு வரும் ஊர்திகளில், அண்மைக் காலமாக ஒரு புதுவகை ஊர்தியையும் காண்கிறோம். படுக்கை, சமையல் மேடை, நீர்த் தொட்டி, கூரைமேல் குளிர்சாதனம் ஆகியவற்றோடு ஒரு சிறு வீடே உருளைகளின்மேல் வருவதுபோல் அது வருகிறது. ‘கேரவன்’ என்று அதனை அழைக்கின்றனர். ஆடி 17, 18 ஆகிய நாட்களில் வல்வில் ஓரி விழாவுக்கு வருவோரும், ஆகாய கங்கை அருவியைக் காண வருவோரும் இத்தகைய ஊர்தியை நம் தோட்டத்து ஓரத்தில் நிறுத்தி இரவு தங்க இடம் கேட்பதுண்டு.

இதனையொட்டி ஆலத்தூர் நாட்டு அங்கத்தினர் சிலர் இரண்டு கேள்விகளை எழுப்பியுள்ளனர். ‘கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி வைத்து, வரும் ஊர்திகளின் குளிர்சாதனத்திற்கு மின்சாரம் கொடுத்து வாடகை பெறலாமா?’ என்பது முதற் கேள்வி. ‘சிலர் கூடிப் பங்குப் பணம் போட்டு நாமே அத்தகைய ஊர்தி ஒன்றை அமைத்துக்கொள்ளலாமா?’ என்பது இரண்டாவது கேள்வி. ஊர்திக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லும் திருச்செங்கோடும் அருகிலேயே இருப்பதால், இரண்டாவது கேள்வி வெறுங் கனவன்று.

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரு சிறு கணக்கில் அடங்கியுள்ளது. அக்கணக்கைப் போடாமல் பணத்தை முடக்கினால் நஷ்டம் ஏற்படும். அதற்கும் மேலான ஓர் ஆபத்தும் இதில் உண்டு. அதனைப் பொருட்படுத்தாவிடில் உயிர்ச்சேதமே நேரும். ஆதலால் இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

நெசவாலையில் பிறந்த பெயர்

குளிர்சாதனம் செல்வர் வீட்டு ஆடம்பரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதன் பிறப்பு தொழிற்சாலையில் நிகழ்ந்தது. 1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில், காற்றின் ஈரத்தால் காகிதம் சுருங்கியும் விரிந்தும் வண்ணங்கள் இடம் மாறி விழுவதைத் தடுக்க, வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் ஒரு யந்திரத்தை வகுத்தார். அதன்பின் 1906-இல் ஸ்டூவர்ட் கிராமர் என்பவர், நூற்பாலைகளிலும் நெசவாலைகளிலும் காற்றின் ஈரத்தைச் சீர்செய்யும் முறைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் ‘ஏர் கண்டிஷனிங்’ என்னும் பெயரைச் சூட்டினார். காற்று வறண்டால் பாவு இழை அறுந்துபோவதை நம் நெசவாளர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கவலையே இப்பெயரை உலகுக்குத் தந்தது.

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை; உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. அந்த வேலையைச் செய்வது கம்ப்ரஸர் எனப்படும் அமுக்கி. அது மோட்டாரால் இயங்குவது. ‘ஒரு டன் குளிர்சாதனம்’ என்பதில் வரும் டன், யந்திரத்தின் எடையைக் குறிப்பதன்று. ஏறத்தாழ 907 கிலோகிராம் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கவல்ல வெப்பத்தை அகற்றும் திறனையே அச்சொல் குறிக்கிறது. இது 3,500 வாட் வெப்பத்திற்குச் சமம். வெப்பத்தை இடம் மாற்றுவது மட்டுமே வேலையாதலால், அதற்குச் செலவாகும் மின்சாரம் அதில் மூன்றிலொரு பங்கே. எனவே சாதாரண ஒரு டன் சாதனம், ஓடிக்கொண்டிருக்கும் வேளையில், 1,100 முதல் 1,200 வாட் வரை இழுக்கும்.

புறப்படும்போதே வில்லங்கம்

கடையில் விற்கும் சிறு ஜெனரேட்டர்மேல் ‘2,000 வாட்’ என்று எழுதியிருக்கிறது. நம் சாதனமோ 1,150 வாட் கேட்கிறது. எனவே தாராளமாகப் போதும் என்று தோன்றும். பணத்தை இழந்தவர் பலர் இந்த இடத்தில்தான் தவறினர்.

நிற்கும் பாரவண்டியை முதன்முதலில் நகர்த்த மாடுகள் எவ்வளவு முக்க வேண்டியிருக்கிறது! உருண்டு கிளம்பிய பின்னரோ அந்த வண்டியே எளிதாக ஓடுகிறது. நம் மலைப்பாதையின் வளைவில் லாரி நின்றுவிட்டால், முதற் கியரில் எவ்வளவு உறுமிக் கிளம்புகிறது என்பதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். கம்ப்ரஸர் மோட்டாரும் அவ்வாறே. ஓடும்போது 5 அல்லது 5.5 ஆம்பியர் இழுப்பது, புறப்படும் கணத்தில் அதைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு, அதாவது 25 அல்லது 27 ஆம்பியர் வரை கேட்கும். அந்தக் கணம் அரை வினாடிக்கும் குறைவே. ஆயினும் அந்த அரை வினாடியைத் தாங்க வலுவில்லாத ஜெனரேட்டர், அதற்குப் பின்வரும் எட்டு மணி நேரத்திற்கும் பயன்படாது.

2,000 வாட் ஜெனரேட்டர் 230 வோல்ட்டில் கொடுக்கக்கூடிய உச்ச அளவு 8.7 ஆம்பியர். 27 ஆம்பியர் கேட்டால் மின்னழுத்தம் சரிந்துவிடும். மோட்டார் சுழலாமல் உறுமிக்கொண்டே நிற்கும், சூடேறும். ஜெனரேட்டரில் சிவப்பு விளக்கு எரிந்து மின்சாரம் நின்றுவிடும். மீண்டும் மீண்டும் முயன்றால் மோட்டாரின் சுருள் கருகுவதும் உண்டு.

பெயர்ப்பலகையும் மலை உயரமும்

இன்னும் இரண்டு கழிவுகள் உண்டு. பெயர்ப்பலகையில் பெரிதாக எழுதப்படுவது உச்ச அளவு; சில நிமிடங்களுக்கே அது கிடைக்கும். தொடர்ந்து கிடைப்பது அதனினும் குறைவு. எடுத்துக்காட்டாக, ஹோண்டா நிறுவனத்தின் புகழ்பெற்ற ‘இ.யு. 2000 ஐ’ என்னும் சிறு ஜெனரேட்டரின் உச்சம் 2,000 வாட். தொடர்ந்து தருவது 1,600 வாட். வாங்கும்போது இந்த இரண்டாவது எண்ணையே கேட்டறிய வேண்டும்.

அடுத்த கழிவு நம் மலைக்கே உரியது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது, எஞ்சினுள் புகும் பிராணவாயு குறைகிறது, வலுவும் குறைகிறது. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்றரை வீதம் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் கூறும் கணக்கு. கொல்லிமலையின் மேட்டு நிலம் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுடையது. 1,200 மீட்டர் என்று கொண்டால் கழிவு நூற்றுக்கு 14. சேந்தமங்கலத்தில் 1,600 வாட் தரக்கூடிய யந்திரம், ஆலத்தூர் நாட்டில் 1,376 வாட்டே தரும்.

இப்போது செலவுப் பக்கத்தைக் கூட்டுவோம். குளிர்சாதனம் 1,150, விளக்குகள் 40, மின்விசிறி 60, கைப்பேசிகளுக்கு மின்னூட்டம் 40, ஆக 1,290 வாட். மிச்சம் 86 வாட் மட்டுமே. இந்நிலையில் விருந்தினர் ஒருவர் தேநீருக்காக 1,500 வாட் மின்கெண்டியை மாட்டினால், எல்லாமே நின்றுவிடும். ஆக, புறப்படும் வில்லங்கத்தைத் தீர்த்துவிட்டாலும், 2,000 வாட் ஜெனரேட்டர் நம் மலையில் சாதாரண ஒரு டன் சாதனத்திற்கு இழுபறிதான்.

பரிகாரங்கள்

இதற்கு வழியே இல்லையோ என்று சோர்வுற வேண்டுவதில்லை. வழிகள் நான்கு உள்ளன.

முதலாவது, இன்வெர்ட்டர் வகைக் குளிர்சாதனத்தைத் தேர்ந்துகொள்வது. இதில் கம்ப்ரஸர் ஒரே மூச்சில் முழு வேகத்திற்குத் தாவுவதில்லை. மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வேகம் கொள்கிறது. எனவே புறப்படும் இழுப்பு மிகக் குறைவு. அறை குளிர்ந்தபின் வேகத்தைத் தானே தணித்துக்கொண்டு குறைந்த மின்சாரத்தில் ஓடும். ஊர்தியின் சிறு அறைக்கு முக்கால் டன் அளவே போதும். புதிதாக வாங்குவோர்க்கு இதனினும் நல்ல வழி இல்லை.

இரண்டாவது, பழைய வகைச் சாதனம் ஏற்கெனவே இருப்பின், ‘சாஃப்ட் ஸ்டார்ட்டர்’ என்னும் சிறு கருவியைப் பொருத்துவது. அது புறப்படும் இழுப்பை மூன்றிலொரு பங்கு அளவிற்குத் தணிக்கிறது. 27 ஆம்பியர் 9 அல்லது 10 ஆம்பியராகக் குறையும். இதற்குப் பதிலாக விலை குறைந்த ‘ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர்’ ஒன்றைச் சிலர் மாட்டுவர். அது மோட்டாருக்கு உந்துதலை மிகுத்து, புறப்படும் நேரத்தைச் சுருக்குமேயன்றி, முதல் இழுப்பை அவ்வளவாகக் குறைப்பதில்லை. இரண்டும் ஒன்றென்று கருதலாகாது. இவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கே செய்தல் வேண்டும்.

மூன்றாவது, ஜெனரேட்டரைப் பெரிதாக்குவது. தொடர்ந்து 2,800 வாட் தருவது, மலை உயரக் கழிவு போக 2,400 வாட் தரும். சாஃப்ட் ஸ்டார்ட்டருடன் இதுவே சாதாரண ஒரு டன் சாதனத்திற்கு நிம்மதியான அளவு. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு சிறு ஜெனரேட்டர்களை, அவற்றிற்கென்றே தயாரித்த இணைப்புக் கம்பியால் சேர்த்து ஓட்டுவதும் உண்டு. வேறு வேறு வகைகளை இணைத்தலும், வீட்டிலேயே கம்பியை முறுக்கி இணைத்தலும் கூடவே கூடா.

நான்காவது, இழுக்கும் கம்பியைக் கவனிப்பது. 30 மீட்டர் நீளமுள்ள, 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 27 ஆம்பியர் பாயும்போது, கம்பியிலேயே 29 வோல்ட் இழக்கப்படுகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 12 வோல்ட்டே. ஜெனரேட்டரைத் தூரத்தில் வைப்பது இன்றியமையாதது. அதற்கான காரணத்தைக் கீழே காண்க. எனவே தடித்த கம்பிக்கு ஆகும் பணத்தைச் செலவென்று எண்ணலாகாது.

இயக்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். ஜெனரேட்டரை முதலில் ஓடவிட்டுச் சில நிமிடம் சூடேற விடுக. சிக்கன வேகச் சுவிட்ச் இருப்பின், சாதாரண வகைச் சாதனத்தைக் கிளப்பும்போது அதனை நிறுத்தி வைக்க. முதலில் விசிறியை மட்டும் போட்டு, பிறகு குளிர்ச்சியைப் போடுக. ஒருமுறை நின்ற கம்ப்ரஸரை மூன்று நிமிடம் கழித்தே மீண்டும் கிளப்புக. உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் சமநிலை அடைய அந்த அவகாசம் தேவை. வெப்ப அளவை 24 பாகையில் வைக்க. 2020-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் விற்கப்படும் அறைக் குளிர்சாதனங்கள் இந்த அளவிலேயே தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என அரசு விதித்திருப்பதும் மின்சாரச் சிக்கனம் கருதியே.

வடகரையில் நிகழ்ந்தது

இதுவரை கூறியது பணத்தைப் பற்றியது. இனிக் கூறுவது உயிரைப் பற்றியது. அங்கத்தினர்கள் இப்பகுதியை வீட்டிலுள்ளோர்க்கும் படித்துக் காட்டுமாறு வேண்டுகிறோம்.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டத்தின் வடகரையருகே, சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் ஊர்தி ஒன்றில் இருவர் இறந்து கிடக்கக் காணப்பட்டனர். காயமோ போராட்டமோ இல்லை. ஊர்தியின் குளிர்சாதனம் ஜெனரேட்டரால் இயக்கப்பட்டிருந்தது. கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிபுணர்கள் அந்த ஊர்தியிலேயே ஜெனரேட்டரை மீண்டும் ஓடவிட்டுச் சோதித்தனர். ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு, ஊர்தித் தளத்திலிருந்த துளை வழியே உள்ளே புகுந்தது கண்டறியப்பட்டது. இரண்டு மணி நேரத்திற்குள், பத்து லட்சம் பங்கு காற்றில் 900 பங்குக்கு மேல் அவ்வாயு கலந்துவிட்டது. உயிரைப் பறிக்க அது போதும்.

இவ்வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணைக் கரிப்பதில்லை. நம் இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருள், பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக இதனைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், கிறக்கம் என்று தொடங்கும். உறங்குபவர் அதனையும் அறியார். உறக்கத்திலேயே உயிர் பிரியும். இதன் எடை ஏறத்தாழக் காற்றின் எடையே. ஆகவே கீழே படிந்துவிடும், மேலே போய்விடும் என்று நம்ப இடமில்லை, அறையெங்கும் பரவும்.

‘குளிர்சாதனம்தான் ஓடுகிறதே, காற்று மாறாதா?’ என்று கேட்பாருண்டு. மாறாது. சாதாரணக் குளிர்சாதனம் உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. குளிர் வெளியேறாதிருக்க நாம் சன்னலை மூடுகிறோம்; அப்போது நஞ்சும் வெளியேற வழியற்றுப்போகிறது.

ஆதலின் பின்வரும் விதிகளுக்கு விலக்கே இல்லை எனக் கொள்க:

1. ஜெனரேட்டரை ஊர்திக்குள்ளோ, அதன் அடியிலோ, திண்ணையிலோ, கொட்டகைக்குள்ளோ ஓட்டலாகாது. கதவு திறந்திருப்பினும் இவ்விதி தளராது.

2. ஊர்தியிலிருந்தும் வீட்டுச் சன்னல்களிலிருந்தும் 6 மீட்டருக்கு அப்பால், திறந்த வெளியில், காற்று ஊர்தியை நோக்கி வீசாத பக்கத்தில், புகைக்குழாய் எதிர்ப்புறம் நோக்குமாறு வைத்தல் வேண்டும். மழை பெய்கிறதென்று உள்ளே கொண்டுவருதல் கூடாது. நாற்புறமும் திறந்த சிறு கூரையே அதற்குத் தக்கது.

3. உறங்கும் அறையில் கார்பன் மோனாக்சைடை அறிந்து ஒலி எழுப்பும் கருவி ஒன்று இருத்தல் வேண்டும். குளிர்சாதனம் வாங்கப் பணமுடையோர் இதற்குப் பணமில்லை என்று சொல்லுதல் தகாது.

4. தலைவலியோ கிறக்கமோ ஒருவருக்கு உண்டானால், உடனே எல்லோரும் வெளிக்காற்றுக்கு வருக. பின்னரே 108-ஐ அழைக்க.

5. பெட்ரோல் ஊற்றுவது யந்திரம் நின்று ஆறிய பின்பே. அருகில் காய்ந்த புல், சருகு, வைக்கோல் இருத்தலாகாது. கோடையில் காட்டோரம் ஒரு பொறியும் பெருந்தீயாகும்.

6. ஜெனரேட்டரின் கம்பியை வீட்டு மின்பலகையில் நேரே மாட்டலாகாது. மாற்றுச் சுவிட்ச் இன்றி அவ்வாறு செய்தால் மின்சாரம் பின்னோக்கிக் கம்பத்திற்குப் பாயும். மின்தடையைச் சீர்செய்ய ஏறிய தொழிலாளியின் உயிர் நம் கையால் போகும்.

நமக்கு எது தகும்?

இனி, எழுந்த கேள்விகளுக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சிறு ஜெனரேட்டர் தருவது ஒன்றரை யூனிட் அளவான மின்சாரமே. முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டரை அது விழுங்கும். லிட்டர் விலை நூறு ரூபாயை ஒட்டியிருக்கும் நிலையில், எட்டு மணி நேர உறக்கத்திற்கு எண்ணூறு ரூபாய் புகையாகப் போகிறது. யூனிட் ஒன்றுக்கு இது மின்வாரியக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. போதாக்குறைக்கு இரவெல்லாம் அதன் இரைச்சல்.

இதற்கு மாறாக, ஊர்தி நிறுத்தும் இடத்தில் அனுமதி பெற்ற மின் இணைப்பு ஒன்றும், கசிவு கண்டால் உடனே துண்டிக்கும் காப்புச் சுவிட்சும், நல்ல நிலத்தொடர்பும் அமைத்தால், ஒருமுறைச் செலவோடு காரியம் முடியும். ஜெனரேட்டர் மின்தடை நேரும் வேளைக்கு மட்டும் துணையாக இருக்கட்டும். அப்போது விளக்கும் விசிறியும் ஓடினால் போதுமென்றால், 1,000 வாட் சிறு யந்திரமே மிகுதி.

மேலும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். குளிர்சாதனம் தேவைப்படுவது அடிவாரத்து வெயிலிலேயன்றி நம் மலையின் இரவிலன்று. கம்பளி போர்த்தி உறங்கும் ஊரில், மூடிய பெட்டிக்குள் செயற்கைக் குளிரை விலைக்கு வாங்குவதில் பொருளில்லை. ஊர்திச் சன்னலுக்குக் கொசுவலையும் ஒரு சிறு விசிறியும் போதும். வருபவர்க்கு இதனை அன்புடன் எடுத்துச் சொல்வது விருந்தோம்பலில் அடங்கும். அவர்களே ஜெனரேட்டர் கொண்டுவந்திருந்தால், அதனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இரவு படுக்குமுன் ஒருமுறை சென்று பார்ப்பது நம் கடமை. இடம் நம்முடையதாயின் பொறுப்பும் நம்முடையதே.

அன்னாசியையும் வாழையையும் இத்தகைய ஊர்தியில் குளிர வைத்து அனுப்பலாமே என்று எண்ணும் அன்பர்களுக்கும் ஒரு சொல். மனிதர் தங்கும் அறைக்கான குளிர்சாதனம் பொதுவாக 16 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. அது குளிர்பதனக் கிடங்காகாது. வாழையோ 13 பாகைக்குக் கீழே சென்றால் தோல் கறுத்துக் கெடும். விளைபொருளுக்கு வேறு யந்திரம், வேறு கணக்கு.

ஆகவே, பங்குப் பணம் போட்டு ஊர்தி அமைக்க விரும்புவோர் முதலில் இன்வெர்ட்டர் வகைச் சாதனத்தைத் தேர்க. பெயர்ப்பலகையின் தொடர் அளவைக் கேட்க. அதில் நூற்றுக்கு 14 கழிக்க. எஞ்சியதில் செலவு அடங்குகிறதா என்று காண்க. அடங்கினால் மட்டுமே பணப்பையைத் திறக்க. வாங்குமுன் அதே ஜெனரேட்டரையும் அதே சாதனத்தையும் இந்த மலையிலேயே ஒருநாள் ஓட்டிப் பார்க்கக் கடைக்காரரிடம் கேட்பதில் வெட்கமில்லை. சமவெளியில் ஓடியது மேலே ஓடாமற் போகலாம் என்பதை நாம் இப்போது அறிவோம்.

ஒருவர் தனியே அறியாமல் வாங்கி இழப்பதை, பலர் கூடி அறிந்து தவிர்ப்பதற்கே சங்கம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் இக்கணக்கை அங்கத்தினர்கள் தத்தம் தேவைக்கேற்பப் போட்டு எடுத்து வருவார்களாக.